ரோலுக்குச் சொந்தக்காரர்

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால் நான் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். வேலை தெரிந்தவர். யாரிடமும் கைநீட்டிப் பத்துப் பைசா வாங்காதவர். மற்றபடி, இந்த அளவுக்கு ஒரு மனிதர் மேல் எனக்கு வேறு எப்போதும் எரிச்சல் வந்ததில்லை. அவர் ஊரைவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் யாராவது பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினால் எனக்கு முகம் கடுத்துவிடுகிறது. ஏனென்றால் அவர் மூடியைக் கழற்றினால் அடுத்து எதையாவது கோடு போட்டு அடிக்கப் போகிறார் என்று அர்த்தம்.

அடுத்தவர் செய்து வைத்த ஒன்றை அப்படியே விட்டுவைக்க அவரால் முடியாது. அதுதான் அவர். டீக்கடையில் நான் "ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை கம்மி" என்பேன். உடனே பக்கத்திலிருந்து குரல் வரும்.

"ஏன் வே, ரெண்டு டீன்னு எதுக்குத் தனியாச் சொல்லுதீரு? ஒண்ணு சாதா, ஒண்ணு கம்மின்னு சொன்னா அவனுக்குக் கணக்குத் தெரியாதா? வரி கூடுனா வம்பு கூடும்."

வரி கூடினால் வம்பு கூடும். இதை அவர் சொல்லாத நாள் கிடையாது. டீக்கு, பஸ் டிக்கெட்டுக்கு, கல்யாணப் பத்திரிகைக்கு, எல்லாவற்றுக்கும் இதே மந்திரம்தான். ஒரு தடவை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பிரியாணிக் கடையில் கரும்பலகையில் எழுதியிருந்த பட்டியலைப் பார்த்தார். பிரியாணி, புரோட்டா, மறுபடி முட்டைப் பிரியாணி என்று கலந்து கிடந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துபோய், தண்ணீரில் விரலை நனைத்து இரண்டு வரியை அழித்து, சாக்பீஸ் கேட்டு வாங்கி வேறு வரிசையில் எழுதினார். கல்லாவில் இருந்த பாய் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, போர்டு எழுத வேலைக்கு வாரியளா?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். இவர், "மொதல்ல இருக்கத ஒழுங்கா எழுதுங்க, பொறவு ஆள் எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்.

இதையெல்லாம் சிரித்து மறந்துவிடலாம். மறக்க முடியாதது ஒன்று இருக்கிறது. என் அப்பா தவறிய அன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எழுதிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றேன். துக்கம் கேட்க வந்தவர் அதை வாங்கிப் பார்த்தார். பேனா மூடி பல்லுக்குப் போனது. 'பாசமிகு' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"'அன்புத் தந்தை'ன்னு ஏற்கெனவே இருக்குல்லா வே. அன்பு வேற பாசம் வேறயா? ஒண்ணு போதும்."

அதற்காகச் சண்டை போடும் நிலையில் நான் இல்லை. அவர் அடித்தபடியேதான் அச்சுக்குப் போனது. ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருந்த அந்தப் போஸ்டரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் காணாமல்போன சொல்லைத்தான் பார்த்தேன். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். இவருக்குச் சுற்றம் இல்லாததைப் பற்றிக் கவலையும் இல்லை.

இனி ஆபீஸ். திருவேங்கடம் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. பின்பக்கம் விசைத்தறிக் கூடம். நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் நாங்கள் வெளியூர் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டோம். சென்னையில் வேலை பார்த்துச் சலித்து ஊருக்குத் திரும்பி வந்த என்னைப் போன்றவர்களும், பக்கத்துக் கிராமங்களில் படித்து முடித்த பிள்ளைகளுமாகக் கொஞ்சம் பேர். மேனேஜர் ஜெபராஜ் சார் பாளையங்கோட்டைக்காரர். நல்ல மனுசன், ஆனால் சர்வருக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. யாருக்குத் தெரியுமோ அவரை நம்பிவிடுவார்.

எங்கள் வேலையை வெளியாட்களுக்குச் சொல்வது கொஞ்சம் சிரமம், முயன்று பார்க்கிறேன். லினக்ஸ் சர்வர் என்பது திரையும் பொத்தானும் இல்லாமல் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி. அதற்குள் என்ன நடக்கிறது என்று தூரத்திலிருந்து பிரவுசரில் பார்க்க ஒரு பக்கம் உண்டு. அதற்கு வெப் கன்சோல் என்று பெயர். அந்தப் பக்கத்தை ஒவ்வொரு சர்வரிலும் போய்க் கையால் அமைப்பதற்குப் பதிலாக, செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுவோம். எதை நிறுவ வேண்டும், வெளியிலிருந்து நுழைய எந்த எண்ணுள்ள வாசல் வைக்க வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். சர்வர்கள் தாங்களே மணிக்கொரு தரம் அதை எடுத்து வாசித்து, எழுதியிருக்கிறபடி தங்களைச் சரிசெய்துகொள்ளும். அந்த எழுத்துத் தொகுப்பைத்தான் ரோல் என்போம். அவர் அந்த ரோலின் பராமரிப்பாளர்.

பராமரிப்பாளர் என்றால் சொந்தக்காரர் இல்லை. ஆனால் அவரிடம் இதைச் சொன்னவர்கள் யாரும் பிழைத்ததில்லை. ரோலில் யார் எதைச் சேர்த்தாலும் அது நேரே உள்ளே போகாது. ஒருவர் பார்த்து ஒப்புதல் பொத்தானை அமுக்க வேண்டும். அந்தப் பொத்தான் அவரிடம் மட்டும் இருந்தது. நாம் எழுதி அனுப்பியது மறுநாள் திரும்பி வரும். பக்கத்தில் ஒரே ஒரு சொல்: 'எதுக்கு?' விளக்கம் எழுதி மறுபடி அனுப்பினால், இந்தத் தடவை ஒரு இடைவெளி கூடியிருக்கும். அதைச் சரிசெய்து அனுப்பினால் பெயர் நீளம். எனக்கு ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் நான் எழுதுவதையே விட்டுவிட்டேன். ரோல் சுத்தமாக இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். பல வருடங்களாக அது ஓடியதில் ஒரு குறையும் இல்லை. யாரையும் உள்ளே விடாத வீடு சுத்தமாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் கோமதி வந்து சேர்ந்தாள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் கோமதி என்ற பெயருக்கா பஞ்சம், எங்கள் ஆபீஸிலேயே அதற்கு முன் இரண்டு பேர் இருந்து போயிருக்கிறார்கள். இவள் மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் மானாவாரி நிலம், மழை பெய்தால் விளைச்சல். வந்து ஒரு வருடம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்பது கம்பெனி ஏற்பாடு. நிரந்தரமாக ஜெபராஜ் சார் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அந்த ஒரு வருடத்துக்குள் தன் பெயரில் உருப்படியாக ஒரு வேலையாவது ரோலுக்குள் போயிருக்க வேண்டும்.

கோமதிக்கு இது வெறும் சம்பள விஷயம் இல்லை. அவள் அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். அவளே ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"வேலை நெரந்தரமாச்சுன்னா கல்யாணப் பேச்ச எடுக்க மாட்டேன்னு அப்பா சொல்லிருக்காவ அண்ணே. இல்லன்னா தை மாசம் மாப்ள வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவாவளாம். அவங்க வீட்ல வேலைக்கு விட மாட்டாங்க."

"மாப்ள என்ன பண்ணுதான்?"

"அது எதுக்கு அண்ணே எனக்கு? நான் என்ன பண்ணுதேன்னு அவங்க யாரும் கேக்கலயே" என்று சொல்லிவிட்டுத் தயிர்ச்சோற்றைப் பிசைந்தாள்.

அவளுக்கு ஒரு வேலை தோதாக வந்தது. எங்களுக்கு ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைக் குழுமம் ஒன்று வாடிக்கையாளர். அவர்களுடைய மில்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர். வெளியிலிருந்து அதற்குள் போக எங்களுக்கு அவர்கள் விட்டிருந்தது வெப் கன்சோல் என்ற ஒரே வாசல்தான். பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர்கள், அந்த வாசலின் எண் ஊருக்கே தெரிந்த எண்ணாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாசலை மாற்றும் வேலையை ரோல் தானே செய்துகொள்ளும்படி கோமதி எழுதினாள்.

எழுதியதை எனக்குக் காட்டினாள். அதில் நான் ரசித்தது வரிசையைத்தான். முதலில் புது வாசலைத் திற. அது வழியாக உண்மையிலேயே போய்வர முடிகிறதா என்று தட்டிப் பார். முடிந்தால் மட்டும் பழைய வாசலை அடை. முடியாவிட்டால் எதையும் தொடாமல் நின்றுவிடு. வீடு மாறுகிறவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டுத்தான் பழைய வீட்டுச் சாவியைக் கொடுப்பார்கள். அவ்வளவு சாதாரண புத்திதான் அது, ஆனால் அந்தச் சாதாரண புத்தி கம்ப்யூட்டர்க்காரர்களிடம் அபூர்வம்.

அவள் அனுப்பினாள். 'எதுக்கு?' என்று வந்தது. பதில் எழுதினாள். இடைவெளி என்று வந்தது. சரிசெய்தாள். தட்டிப் பார்க்கிற அந்த நடு வேலை தேவையில்லை என்று வந்தது. தேவை என்று காரணத்தோடு எழுதினாள். பதிலே இல்லை. வாரங்கள் போயின. அவர் மேஜைக்குப் போய் நிற்பாள்.

"அண்ணாச்சி, அதப் பாத்தியளா?"

"பாக்கணும் தாயி. நெறைய வரி எழுதிருக்க. வாசிக்கவே பொழுது போயிரும் போல."

"எத எடுக்கணும்னு சொல்லுங்க, எடுத்துருதேன்."

"நீயா எடுத்தா சரியா வராது. நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டார். அவள் வருடம் முடிகிற தறுவாயில் ஒரு நாள் காலை ரோலில் வாசல் மாற்றும் வேலை உள்ளே போயிருந்தது. அவள் எழுதியதில் பாதி நீளம்கூட இல்லை, எல்லாவற்றையும் சுருக்கி நெருக்கி எழுதியிருந்தார். மேலே பெயர் அவருடையது. அவள் அனுப்பியது 'தேவையில்லை' என்ற குறிப்போடு மூடப்பட்டிருந்தது.

கோமதி அதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அதையே பார்த்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவரை மறித்துக் கேட்டேன்.

"அண்ணாச்சி, அது கோமதி எழுதுனதுல்லா?"

"அவ எழுதுனதுதான் வே. யாரு இல்லன்னா? நான் திருத்திப் போட்டேன்."

"பேரு உங்க பேருல்லா இருக்கு. அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு முக்கியம்னு தெரியும்லா உங்களுக்கு?"

"கடைசியா எவன் கை பட்டுச்சோ அவன் பேருதான் வே நிக்கும். அது நான் போட்ட சட்டமா? ரோல் சுத்தமா ஓடணும், அதப் பாரும். பேரு கீருன்னுக்கிட்டு."

சொல்லிவிட்டுப் போனார். அவர் முகத்தில் கள்ளத்தனம் ஒரு துளி இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. திருடனுக்காவது திருடிவிட்டோம் என்று தெரியும். இவர் அந்தப் பெண்ணுக்கு உதவி செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். நானும் அன்று முதல் அவரோடு டீக் குடிக்கப் போவதை விட்டேன்.

ஜெபராஜ் சார் ரோலைத் திறந்து பார்த்தார். கோமதி பெயரில் ஒன்றும் இல்லை. அவள் விளக்கினாள், நானும் போய்ச் சொன்னேன். அவர் சங்கடப்பட்டார், நெற்றியைத் தடவினார், கடைசியில் இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். அவள் அப்பாவிடம் கெஞ்சித் தை மாதத்தைத் தாண்டினாள். அது எப்படி என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மில்காரர்கள் ஏனோ வாசல் மாற்றுவதற்குத் தேதி தள்ளிக்கொண்டே வந்தார்கள். எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள்தான் சரி என்றார்கள். அவர் ரோலில் மில்களுக்கு அந்த வேலையை இயக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் ஊரில் ஈ நுழைய இடமில்லை. தபசுக் காட்சிக்கு எந்தெந்த ஊரிலிருந்தெல்லாமோ ஜனம். ஆபீஸில் நானும் கோமதியும் மட்டும் இருந்தோம். காலையிலேயே போன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு மில்லில் கன்சோல் திறக்கவில்லை, அடுத்த மில்லிலும் திறக்கவில்லை, எதிலுமே திறக்கவில்லை. மில் சர்வரில் ஷிப்டு கணக்கு ஓடும் புரோகிராம் இடையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தித் திருப்பி ஓடவிட யாராலும் உள்ளே போக முடியவில்லை.

கோமதி ரோலைத் திறந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். அவர் சுருக்கி எழுதியதில் வரிசை மாறியிருந்தது. முதலில் பழைய வாசலை அடை, பிறகு புது வாசலைத் திற. தட்டிப் பார்க்கும் வேலையை எடுத்தேவிட்டார். மில்லில் இருந்ததெல்லாம் பழைய மெஷின்கள். புது வாசலைத் திறக்கும் கட்டளை அவற்றில் பிழை கொடுத்து நின்றுவிட்டது. பழைய வாசல் அதற்குள் அடைபட்டிருந்தது. அவ்வளவுதான், இரண்டு பக்கமும் பூட்டு.

அவள் முதலில் பழைய வாசலைத் திறக்கச் சொல்லி, அதன் கீழே தன்னுடைய பழைய வரிசையையே மறுபடி எழுதி அனுப்பினாள். அவர் ஒப்புதல் கொடுத்தால் போதும், சர்வர்கள் தாங்களே அதை எடுத்து வாசலைத் திறந்துகொள்ளும். அவருக்குப் போன் போட்டோம். வீட்டில் இருந்தார். "பாக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. மில்லிலிருந்து கத்தல் கூடிக்கொண்டே போனது. நேரிலாவது போவோம் என்று அவளை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு, தபசுக் கூட்டத்துக்குள் மாட்டாமல் சந்து சந்தாகச் சுற்றி, பக்கத்தில் இருந்த மில்லுக்குப் போனேன்.

மில் எலக்ட்ரீசியன் ஒருவர் சர்வர் அறையைத் திறந்துவிட்டார். கோமதி சர்வரில் திரையையும் கீபோர்டையும் மாட்டி, உள்ளே போய், பழைய வாசலைக் கையால் திறந்தாள். கன்சோல் வந்தது. எலக்ட்ரீசியன் தன் மேலாளருக்குப் போன் போட்டு, "சார், வந்துட்டு" என்று சொல்லி வாய் மூடவில்லை, கன்சோல் மறுபடி போய்விட்டது.

"ஏம்மா, இப்பத்தானே தெறந்த? மறுபடியும் அடைச்சிட்டே!"

"நான் அடைக்கல அண்ணாச்சி. ரோல் வந்து அடைச்சிட்டுப் போகுது" என்றாள் அவள்.

உண்மைதான். சர்வர் மணிக்கொரு தரம் ரோலை எடுத்து வாசிக்கும், அந்த நேரம் அப்போதுதான் வந்தது. ரோலில் இன்னும் அவருடைய வரிசைதான் இருந்தது. பழைய வாசலை அடை என்று எழுதியிருக்கிறது, அடைத்துவிட்டது. கோமதி அங்கே நின்றுகொண்டே அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணாச்சி, நான் தெறக்கத் தெறக்க ஒங்க ரோல் மூடுது. நான் அனுப்புனதுக்கு ஒப்புதல் குடுங்க. மில்லு நிக்கி."

"பாத்தேன் தாயி. கடைசியில ஒரு வெத்து வரி கெடக்கு. மேல வேற ஏன் எதுக்குன்னு விளக்கம் எழுதிவச்சிருக்க. வாசிக்கிறவனுக்குத் தெரியாதா? அத எடுத்துட்டு அனுப்பு."

"இங்க மில்லுல ஆளு நிக்காவ அண்ணாச்சி!"

"அதுக்காக வரியக் கூட்டணுமா? வரி கூடுனா..."

நான் போனைப் பிடுங்கி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இங்கே எழுத முடியாது. அந்தப் பக்கம் கட் ஆனது. கோமதி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அந்த மெஷின் ரோலை எடுத்து வாசிப்பதையே நிறுத்திவைத்தாள். பிறகு வாசலைத் திறந்தாள். இந்தத் தடவை அது திறந்தபடியே இருந்தது. எலக்ட்ரீசியன் ஆளுக்கொரு சர்பத் வாங்கிக் கொடுத்தார். மற்ற மில்களின் வாசல் சாயங்காலம்தான் திறந்தது. அதற்குள் அவர் வெற்று வரியையும் விளக்கத்தையும் எடுத்துவிட்டு, தன் கையாலேயே எழுதி, தன் பெயரிலேயே உள்ளே போட்டிருந்தார். அன்று அந்த மனிதர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த வேலை நாளில் ஜெபராஜ் சார் எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மில் குழுமத்தின் பெரியவர் காலையிலேயே பேசிவிட்டாராம். ஒரு பகல் முழுக்க மில்லை முடக்கிய வேலையை எழுதியது யார் என்று பெயர் சொல்ல வேண்டும், அந்த ஆள் இனி அவர்கள் மெஷின் பக்கமே வரக்கூடாது. எங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அந்த மில்கள்தான். அந்த மில் வேலை இல்லை என்றால் அந்த ஆளுக்கு எங்கள் ஆபீஸில் வேறு வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வேலை முதலில் ரோலுக்குள் போன வடிவத்தைச் சார் திரையில் திறந்து வைத்திருந்தார்.

"யாரு எழுதுனது இது?"

அவர் உடனே பதில் சொன்னார், குரல்கூட மாறவில்லை.

"அது கோமதி எழுதுனது சார்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சார் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். திரையைப் பார்த்தார்.

"இதுல உங்க பேருல்லா இருக்கு?"

"நான் சும்மா திருத்திப் போட்டேன் சார். மூலம் அவளோடது. இவரக் கேளுங்க, இவரே அன்னைக்குப் படிக்கட்டுல எங்கிட்ட சண்டைக்கு வந்தாரு, அது கோமதி எழுதுனதுல்லான்னு." என்னைக் காட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, எதையோ தூக்கிக் கொடுப்பவர் போல இதமாகச் சொன்னார். "ஒன் பேரு வரணும்னுதானே கேட்டுக்கிட்டே இருந்த தாயி? இப்ப சொல்லிரு, நீதான் எழுதுனேன்னு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான்தான் அதைக் கத்திச் சொன்னவன். கோமதி மாதக்கணக்காக இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தாள். இப்போது ஆமாம் என்றால் வேலை போகும், ஊரில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். இல்லை என்றால், தான் எழுதியதைத் தானே இல்லை என்று சொன்னதாக ஆகும். அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஜெபராஜ் சார் அவளைப் பார்த்தார். "நீ எழுதுனதாம்மா?"

கோமதி திரையில் இருந்ததை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை வாசித்தாள். அவசரப்படவில்லை.

"மொதல்ல நான்தான் சார் எழுதுனேன்" என்றாள். "ஆனா நான் எழுதுனது ஒரு வரி கூட இப்ப இதுல மிச்சம் இல்ல. எல்லாத்தையும் அண்ணாச்சி திருத்திட்டாவ."

அவர் வாயைத் திறந்தார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அந்த வாக்கியத்தில் வெட்டவோ சேர்க்கவோ அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜெபராஜ் சார் போனை எடுத்து மில் குழுமத்தின் பெரியவரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் யார் என்று கேட்டிருக்க வேண்டும். திரையில் இருந்த பெயரை வாசித்தார்.